பழமொழி என்ற பெயர்

தமிழ்ப் பாடநூலின் பயிற்சிப் பகுதியில் பழமொழிக்கு எப்போதும் ஓரிடம் உண்டு. "நிறைவு செய்க", "வாழ்க்கை நிகழ்வோடு பொருத்தி எழுதுக" என்று கேட்பார்கள், பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். இதற்கு ஏன் பழமொழி என்று பெயர் வந்தது என்பதை மட்டும் வகுப்பில் கேட்பது அரிது. கேட்டாலும், "பழைய மொழி" என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். அந்த விடை போதாது. பழமொழியைக் கற்பிக்கும் முறையையே அது கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

தொல்காப்பியச் செய்யுளியல் இதனை முதுசொல் என்றும் முதுமொழி என்றும் சொல்கிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம் ஆகியவற்றுக்கு நிகராக ஏழாவதாக வைத்து, இலக்கணமும் வகுக்கிறது. பெயரில் 'முது' இருந்தாலும் அந்த இலக்கணத்தில் வயதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நுண்மை, சுருக்கம், ஒளி, மென்மை என்ற நான்கு இயல்புகளையும், ஒரு வேலையையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பேச எடுத்த பொருளை முடித்துவைக்கக் காரணமாக வந்து நிற்பதுதான் அந்த வேலை. ஆக, பேச்சு ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குள் முதுமொழி வர வேண்டும்.

'பழமொழி' என்ற சொல் சங்கப் பாடலிலேயே இருக்கிறது. மாமூலனார் பாடிய அகநானூறு 101-இல் தலைவனைப் பிரிந்த தலைவி தோழியிடம் பேசுகிறாள். நன்மை செய்தவரிடம் தீமை சேராது என்ற பழமொழி இன்று பொய்த்துவிட்டதோ என்று கேட்கிறாள். இந்த இடத்தை ஒவ்வொரு தமிழாசிரியரும் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். பழமொழி சொல்பவளே அதை ஐயுறுகிறாள். தன் துயரத்தை உரைகல்லாக்கி அதை உரசிப் பார்க்கிறாள்.

பின்னர் முன்றுறை அரையனார் பாட்டுக்கு ஒரு பழமொழியாக நானூறு பாடினார். நூலுக்கே பழமொழி என்று பெயராயிற்று. மணலுக்குள் ஒளிந்திருந்தும் கத்திக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும் நுணல் அதில் உண்டு. இன்று நாம் "தவளை தன் வாயால் கெடும்" என்கிறோம்.

இனி 'பழ' என்ற பகுதி. பழமை, பழகு, பழக்கம் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். கொங்கு நாட்டில் "பழமை பேசுதல்" என்றால் உட்கார்ந்து உரையாடுதல் என்றுதான் பொருள். அந்தச் சாயலில் பார்த்தால், பழமொழி என்பது பலர் வாயில் பழகிய மொழி. தென்மாவட்டத்துக் கரிசல் மக்கள் சொல்லும் 'சொலவடை' இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. செல் என்பதிலிருந்து செலவு வந்ததுபோலச் சொல் என்பதிலிருந்து சொலவு. அந்தப் பெயரில் வயதே இல்லை, சொல்லுதல்தான் இருக்கிறது. எனக்கு இந்தப் பெயரே மிகவும் பிடிக்கும்.

எல்லாப் பழமொழியும் பழையதும் அன்று. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அமீனா அரபு வேரிலிருந்து வந்த சொல். கடனுக்கு ஜப்தி செய்ய வரும் நீதிமன்றப் பணியாளர். கோர்ட்டும் ஜப்தியும் ஊருக்குள் வந்த பிறகு பிறந்த வாசகம் இது. கடன்பட்ட குடும்பங்களின் நடுக்கம் இதில் இருக்கிறது. இதை விளக்காமல் மனப்பாடம் செய்யச் சொன்னால் மாணவருக்குக் கிடைப்பது மோனை மட்டுமே.

பீட்டர் பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். அதற்குப் பின் கி.வா. ஜகந்நாதனின் பெருந்தொகுதிகள் வந்தன. அவர்களுக்கு நாம் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தொகுதியில் அகரவரிசை இருக்கும். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்பது இராது. அது வீட்டில்தான் கிடைக்கும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழமொழிப் பாடம் எடுக்கும்போது விடுபட்ட சொல்லை நிரப்பச் சொல்லாதீர்கள். பாட்டியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ ஒரு சொலவடை கேட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயரோ அந்தப் பெயரையும், அது எந்தப் பேச்சின் நடுவே வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள்.