பழி தேடாத கப்பற்றலைவர்

1820 நவம்பர் 20ஆம் நாள், பசுபிக் சமுத்திரத்தில் திமிங்கில வேட்டைக்குச் சென்ற ‘எசெக்ஸ்’ என்னும் அமெரிக்கக் கப்பலை ஒரு திமிங்கிலம் இருமுறை மோதித் தகர்த்தது. படகுகளில் ஏறிய 20 பேருள் மீண்டவர் 8 பேரே. பசிக்கொடுமையால் மாண்டோரின் ஊனையும் உண்டனர். தலைவர் போலார்டின் படகிற் சீட்டிட்டபோது, கொல்லப்படும் விதி அவர்தம் இளம் உறவினன்மீதே விழுந்தது.

துணை அதிகாரி ஓவன் சேஸ் எழுதிய வரலாற்றைக் கற்ற ஹேமன் மெல்வில், 1851இல் ‘மொபி டிக்’ நவீனத்தை வெளியிட்டார். தன் காலைப் பறித்த வெண்திமிங்கிலத்தின்மீது கொண்ட வன்மத்தால், கப்பலையும் மாலுமிகளையும் அழிவுக்கு இட்டுச் செல்கிறான் அதன் தலைவன் ஆகாப்.

போலார்டோ பழி தேடவில்லை. 1823இல் மற்றொரு கப்பலையும் பவளப்பாறையில் இழந்து, நான்ரக்கெற் தீவில் இராக்காவலராய் வாழ்ந்தார். 1852இல் மெல்வில் அவரை நேரிற் கண்டார். ஊரார் பொருட்படுத்தாத அம்மனிதரைப் பெரிதும் மதித்தார்.

ஆகாபைப் படைத்தவர் தலைவணங்கியது, துயரைத் தாங்கி வாழ்ந்தவருக்கே.