திருவனந்தபுரம் மாநகராட்சி: மேயர் பதவியும் மக்கள் உழைப்பும்

முன்னுரை

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா தொடங்குமுன் யானைப் பிடரியில் முரசேற்றி நகரத்தாருக்கு விடுக்கப்படும் அறிவிப்பை மணிமேகலையின் விழாவறை காதை கூறுகிறது. வீதிகளிலும் மன்றங்களிலும் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்ப வேண்டும் என்பது அவ்வறிவிப்பின் ஒரு பகுதியாகும். ஆணை ஊரார் அனைவரையும் நோக்கியது. ஆனால் அந்த மணலை அள்ளிய கைகள் யாருடையவை என்பதைக் காப்பியம் பேசவில்லை. நகரத்தை ஆள்வோரின் பொதுப்பணி பற்றிய எந்த ஆய்வும் இவ்வினாவைக் கடந்து செல்ல முடியாது. கண்ணகி வழிபாடு இன்றும் பெருவிழாவாக நிகழும் திருவனந்தபுரத்தில் இவ்வினா நடைமுறைச் சிக்கலாகவே உள்ளது.

அந்நகரின் மேயர்கள் மக்களோடு இணைந்து செயலாற்றியமை குறித்து அண்மைக் காலத்தில் மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்துகள் பெரும்பாலும் தனிமனிதரின் இளமையையும் சுறுசுறுப்பையும் போற்றுவன. மேயரின் சமூக ஈடுபாடு என்று பாராட்டப்படுவது உண்மையில் நகருக்கு வெளியே இருந்த ஒரு சிற்றூர் மக்களின் மறுப்பிலிருந்து உருப்பெற்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பதவியின் தன்மை

1920 இல் நகராட்சியாக இருந்த திருவனந்தபுரம், சித்திரைத் திருநாள் ஆட்சிக்காலத்தில் 1940 அக்டோபர் 30 அன்று மாநகராட்சியாக உயர்த்தப்பெற்றது. 1994 ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டத்தின்படி மேயரை வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. காவல்துறையோ தொடர்வண்டித் துறையோ மேயரின் ஆணைக்கு உட்பட்டதன்று. எனினும் இரு கூறுகள் இப்பதவிக்கு வலிமை தந்தன. 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறாது நடைபெற்றமை ஒன்று. 1996 இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தின்வழி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்யப்பட்டமை மற்றொன்று. 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாதிருந்த சென்னை மாநகராட்சியின் வரலாற்றோடு ஒப்பிடின் இத்தொடர்ச்சியின் அருமை விளங்கும்.

விளப்பில்சாலையின் மறுப்பு

2000 இல் நகரின் கழிவுகளைப் பதப்படுத்த விளப்பில் கிராமப் பஞ்சாயத்து எல்லையில் ஓர் ஆலை நிறுவப்பட்டது. நகரம் தன் குப்பையைத் தன் எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு அதனை மறந்தது. பதப்படுத்தும் அளவை மீறிக் குவிந்த கழிவிலிருந்து வடிந்த நீர் கரமனை ஆற்றைச் சேரும் ஓடையைக் கெடுத்தது. துர்நாற்றம் ஊரைச் சூழ்ந்தது. மக்கள் பல ஆண்டுகள் போராடினர். 2011 டிசம்பரில் அப்பஞ்சாயத்தே ஆலையை மூடியது. 2012 இல் காவல்துறையின் துணையோடு வாகனங்களையும் இயந்திரங்களையும் உள்ளே கொண்டுசெல்ல மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள், சாலையை மறித்து நின்ற மக்களின் முன் தோற்றன. அம்மக்களுள் பெண்கள் பெருந்தொகையினர். ஒரு பஞ்சாயத்து ஒரு தலைநகரை மறுத்தது. தலைநகரம் பணிய நேர்ந்தது.

அப்போது மேயராக இருந்தவர் கே. சந்திரிகா (2010–2015). தெருவோரங்களில் குப்பை மலிந்தது. பல இடங்களில் எரிக்கவும்பட்டது. வேறு ஊரில் புதிய இடம் தேடுவதைக் காட்டிலும் அவரவர் கழிவை அவரவர் இடத்திலேயே மக்கச் செய்வதே வழி என்னும் நிலை மெல்ல உருவாயிற்று. இரண்டு பிவிசி குழாய்களை மண்ணில் நட்டு, ஒன்று நிறைந்ததும் மற்றொன்றைப் பயன்படுத்தும் குழாய் உரமுறை வீடுகளுக்கு வழங்கப்பட்டது. பின்னர், தென்னைநார்த் தூளில் நுண்ணுயிர் கலந்து இடும் சமையலறைத் தொட்டிகள் வந்தன. பொது இடங்களுக்குத் தும்பூர்முழி முறை தேர்ந்துகொள்ளப்பட்டது. திருச்சூர் மாவட்டத் தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இம்முறையில் சாணம், காய்ந்த இலை, கழிவு ஆகியன அடுக்கடுக்காக இடப்பட்டு ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரமாகின்றன. 2015 இன் தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஒருமுறை எறியும் தட்டுகளுக்கு மாற்றாக எவர்சில்வர் பாத்திரங்கள் பயன்படுத்தப்பட்டமையும் இக்காலத்ததே. இவையனைத்தும் மேயர் வீடுதோறும் சென்று கேட்டாலன்றி நடவா. ஆணையிடும் பதவி வேண்டிக்கொள்ளும் பதவியாக மாறியது இவ்வாறே எனலாம்.

பொங்காலையும் செங்கல்லும்

மதுரையை எரித்தபின் கொடுங்கல்லூர் நோக்கிச் சென்ற கண்ணகி கிள்ளியாற்றங்கரையில் தங்கிய இடமே ஆற்றுக்கால் என்பது தலமரபு. சிலப்பதிகாரத்தில் இச்செய்தி இல்லை. ஆயினும் கும்ப மாத விழாவில் நாள்தோறும் பாடப்பெறும் தோற்றம் பாட்டு கண்ணகி கதையே. பாண்டியன் வதைப் பகுதி பாடப்பட்ட பின்னரே பொங்காலை அடுப்பில் தீ மூட்டப்படும் என்பது தமிழ் ஆய்வாளர் தனித்து நோக்கத்தக்கது. முறை தவறிய அரசனின் வீழ்ச்சியைக் கேட்டபின் உலை ஏறுகிறது.

2009 இல் 25 லட்சம் பெண்கள் பங்கேற்றதாகக் கின்னஸ் பதிவு உண்டு. கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் வரை சாலையோரமெங்கும் செங்கல் அடுப்புகள் எழும். மாலையில் பெண்கள் பானையோடு ஊர் திரும்ப, கல்லும் சாம்பலும் ஓலையும் நகரத்தில் எஞ்சும். இந்திர விழாவில் தூய்மை விழாவுக்கு முன்; இங்கே விழாவுக்குப் பின். அன்றிரவே மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் சாலைகளை மீட்கின்றனர். எஞ்சிய செங்கற்களைத் திரட்டி ஏழைகளுக்கான ‘லைஃப்’ வீட்டுத் திட்டத்துக்கு வழங்கும் ஏற்பாடும் மேயர்களின் முன்முயற்சியால் ஏற்பட்டது. அடுப்புக்கல் வீட்டுச் சுவராவதைச் செய்தியேடுகள் விரும்பி எழுதின. சாம்பலை வாரியோர் அத்துணை விரிவாக எழுதப்படவில்லை.

வெள்ளக் காலம்

2015 இல் மேயரான வி. கே. பிரசாந்தின் புகழ் 2019 ஆகஸ்டில் உச்சம் பெற்றது. வயநாட்டின் புத்துமலையிலும் மலப்புறத்தின் கவளப்பாறையிலும் நிலச்சரிவுகள் நேர்ந்தபோது, முந்தைய ஆண்டைப் போலப் பொருள்கள் விரைந்து குவியவில்லை. தென்கேரளத்தார் வடக்கே உதவத் தயங்குகின்றனர் என்ற பேச்சும் எழுந்தது. மாநகராட்சி அலுவலகம் சேகரிப்பு மையமாயிற்று. மாணவரும் இளைஞரும் இரவு பகலாகப் பொருள்களைத் தரம்பிரித்துக் கட்டினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட லாரிகள் வடக்கு நோக்கிச் சென்றன. ‘மேயர் புரோ’ என்னும் பெயர் அவருக்கு அப்போது நிலைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் வட்டியூர்க்காவு இடைத்தேர்தலில் அவர் 14,465 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2016 இல் அதே தொகுதியில் அவர்தம் கட்சி மூன்றாமிடம் பெற்றிருந்தது. பொதுப்பணி வாக்காக மாறுவதில் குறை காண வேண்டுவதில்லை. ஆனால் வெள்ள நிவாரணம் சில நாள்களின் எழுச்சி. குப்பை அன்றாடம் வருவது. எளிதில் புகழ் தருவது முன்னது. பதவியைச் சோதிப்பது பின்னது.

ஓடையின் எல்லை

2020 டிசம்பர் 28 அன்று முடவன்முகள் வார்டு உறுப்பினர் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் மேயரானார். நாட்டின் மிக இளைய மேயர் என்னும் சிறப்பு அவருக்குக் கிட்டியது. வீட்டுக்கு வீடு சென்று மக்காத கழிவைத் திரட்டும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் பணி இக்காலத்தில் நகர வாழ்வின் பகுதியாயிற்று. இப்பெண்கள் வீட்டாரிடம் மாதக் கட்டணம் பெற்றே ஊதியம் ஈட்டுகின்றனர் என்பதைக் கருதவேண்டும்.

2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் தொடர்வண்டி நிலையத்தின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் ஓடையில் கழிவை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறையினரும் கடற்படையினரும் தேடினர். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. ஓடை நகரத்தின் ஊடே செல்வது, அதன்மேல் அமைந்த நிலமும் தண்டவாளமும் தொடர்வண்டித் துறைக்குரியன. பிளாஸ்டிக் கழிவு எவ்வெல்லையில் சேர்ந்தது, அதனை அகற்றுவது யார் கடமை என்று மாநகராட்சிக்கும் அத்துறைக்கும் வழக்காடல் நிகழ்ந்தது, உயர்நீதிமன்றமும் தலையிட்டது. விளப்பில்சாலைக்கு அனுப்ப முடியாத கழிவின் ஒரு பகுதி நகரத்தின் அடியிலேயே தங்கியிருந்தது அப்போது வெளிப்பட்டது. சாலைக் கடைத்தெருவின் சுமையாள்களையும் சிறுவணிகரையும் கதையாக்கிய ஆ. மாதவனின் படைப்புகளைப் படித்தோர்க்கு, இந்நகரின் கீழ்த்தளத்தில் உழைப்போர் புதியவர் அல்லர்.

2025 டிசம்பர் தேர்தலில் 101 வார்டுகளுள் 50 இல் பாரதிய ஜனதா கட்சி வென்றது. பல பத்தாண்டுகள் நீடித்த இடதுசாரி நிர்வாகம் முடிவுற்று, வி. வி. ராஜேஷ் மேயரானார். மேயர் நாற்காலியோடு அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்புகளுள், தண்டவாளத்தின் அடியில் புகுந்து ஆக்குளம் காயலை நோக்கி ஓடும் அந்த ஓடையும் அடங்கும்.