தொழிற்பிரிவு: தவறியவர்களுக்கான வகுப்பா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா? உயர்தரத்தில் தொழிற்பிரிவு என்று ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்த பெற்றோரில் பலர்கூட, அது சித்தியடையாத பிள்ளைகளுக்கானது என்றே எண்ணுகின்றனர்.

பாடசாலையையும் தொழிலையும் இணைக்கும் முயற்சி இலங்கைக்குப் புதிதல்ல. 1930 களிலேயே கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டமொன்று பரீட்சிக்கப்பட்டது. அடுத்த பெரிய முயற்சி 1972 இல் வந்தது. படித்தும் வேலையற்றிருந்த இளைஞரின் விரக்தியை 1971 கிளர்ச்சி வெளிக்காட்டியிருந்த காலம் அது. அரசாங்கம் தொழில்முன்னிலைப் பாடங்களை அறிமுகப்படுத்தியது. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. 1977 இல் ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டன.

இன்றைய பாதை

13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் இதில் சேரலாம். தரம் 12 இல் பாடசாலையில் பொதுப் பாடங்கள் கற்பிக்கப்படும். பின்னர் தெரிவு செய்த துறையில் பயிற்சி நிலையமொன்றில் பயின்று, தேசிய தொழில்சார் தகைமை, அதாவது என்.வி.கியூ. 4 ஆம் மட்டத்தைப் பெறலாம்.

என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள், 5, 6 டிப்ளோமாக்கள், 7 பட்டம். இரத்மலானையில் உள்ள யுனிவொடெக் பல்கலைக்கழகம் இந்த வழியில் வருவோரைக் கருதியே அமைக்கப்பட்டது. வடக்கில், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் என்.வி.கியூ. பயிற்சிகளை வழங்குகிறது.

2013 இல் அறிமுகமான உயர்தரத் தொழினுட்பப் பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பல்கலைக்கழகப் பட்டத்தை நோக்கிய பரீட்சைப் பிரிவு.

ஏன் தயக்கம்?

கைத்தொழிலை இழிவாகப் பார்க்கும் மனப்பாங்கே காரணம் என்று சொல்வது எளிது. கானாவை ஆராய்ந்த பிலிப் ஃபொஸ்டர் 1965 இல் வேறொரு விளக்கம் தந்தார். ஏட்டுக்கல்வி பெற்றவருக்கே நல்ல சம்பளமும் நிரந்தர வேலையும் கிடைக்கும் நாட்டில், பெற்றோர் அதைத் தேடுவது அறியாமை அல்ல, சரியான கணக்கு என்றார். வேலைச் சந்தை மாறாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றினால் பயனில்லை என்பதே அவரது வாதம்.

அரச நியமனத்துக்காகப் பட்டதாரிகள் வீதியில் இறங்கிப் போராடும் நம் நாட்டுக்கும் இது பொருந்தும். மின்னிணைப்பாளருக்கு ஓய்வூதியமும் ஊழியர் சேமலாப நிதியும் உறுதியில்லாதவரை, எழுதுவினைஞர் பதவியே பாதுகாப்பாகத் தோன்றும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? குறித்த பாடநெறிக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் உண்டா? பயிற்சியும் மதிப்பீடும் தமிழில் நடைபெறுமா? வேலைத்தலப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? பெண் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, விடுதி வசதி உண்டா? அதிபரிடமும் பயிற்சி நிலையத்திடமும் இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

2026 இல் மீண்டும் ஒரு சீர்திருத்தம் தரம் 1 இல் தொடங்கியது. தரம் 6 க்கான மாற்றம் 2027 க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பாடத்திட்டம் எதுவாயினும், புள்ளி குறைந்த பிள்ளையை மட்டும் தொழிற்பிரிவுக்கு அனுப்பும் வழக்கம் தொடர்ந்தால் அந்தப் பிரிவுக்கு மதிப்பு வராது. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் விரும்பித் தெரிவு செய்யும் அளவுக்கு அதன் முடிவில் சம்பளமும் பாதுகாப்பும் இருக்க வேண்டும். அதைக் கல்வி அமைச்சு தனித்துச் செய்ய முடியாது. தொழில் அமைச்சுக்கும் தொழில் வழங்குநர்களுக்கும் அதில் பங்குண்டு.