ஏட்டில் ஏறாத கடன்

பதுளை நகரைக் கடந்து, நமுனுகுலை மலையை நோக்கி ஏறிச் செல்லும் பாதையில் ஸ்பிரிங்வெளித் தோட்டம் பரந்து கிடக்கின்றது. ஒன்பது சிகரங்களை உடையது என்னும் பொருள்படச் சிங்கள மொழியில் அம்மலை அப்பெயர் பெற்றது. இப்பகுதியின் வரலாற்றை எழுதியோர் முதலிற் கோப்பியைப் பற்றிக் கூறுவர். 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்ததையும், அவ்விடத்திலே தேயிலை வேரூன்றியதையும் விளக்குவர். 1886இல் ஊவா தனி மாகாணமானது, 1924இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது ஆகிய செய்திகளையும் தவறாது குறிப்பர். ஆயின், அம்மலைகளில் உழைத்த மக்கள் மாலை வேளைகளில் என்ன பேசினர், எவர் எவருக்கு உதவினர், எதைச் சமைத்து உண்டனர் என்னும் செய்திகளை அவ்வேடுகளிற் காண்பது அரிது. தொழிலாளரின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு ஏடுகளிலேதான் ஏறின. ஒன்று, வேலை நாட்களைக் குறிக்கும் செக்றோல். மற்றையது கடன் கணக்கு.

அந்தக் கடனின் கதையை முதலில் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் வாடிய மக்களுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்தான். வழிச்செலவும் உணவுச்செலவும் அதனோடு சேர்ந்தன. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மலைநாட்டை அடைந்தவர்கள், வேலை தொடங்கும் முன்னரே கடனாளிகளாக இருந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், அவர்களுடைய கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு கைமாறும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆளைப் பெற்றுக்கொள்ளும். மனிதரின் விலையைக் கடனாக எழுதி வைத்த இம்முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

துண்டுக் கடன் நடைமுறையில் இருந்த அதே காலத்தில், அத்தோட்டங்களின் அடுப்படிகளில் மற்றொரு கடன் வழங்கிவந்தது. அதற்குச் சீட்டில்லை, வட்டியில்லை, சாட்சியுமில்லை. அதனை மக்கள் 'கைமாற்று' என்றனர். "அக்கா, ஒரு சுண்டு மா கைமாத்தாத் தாங்க, சம்பளத்துக்குத் தந்திர்றேன்" என்று ஒருத்தி வாயிலில் நின்று கேட்பாள். கேட்பவள் கூசுவதில்லை, கொடுப்பவள் காரணம் வினவுவதுமில்லை. அடுத்த கிழமை கொடுத்தவளே கேட்கும் நிலைக்கு வரலாம் என்பதை இருவரும் அறிவர். முதற்கடன் மனிதரைக் கட்டிப்போட்டது; இரண்டாவது கடனோ அவர்களைத் தாங்கி நின்றது.

இத்தகைய உறவு வளர்ந்த இடம் எது? தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகள் லயங்கள் எனப்படும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பரா. அதன் முன்னே ஒடுங்கிய தாழ்வாரம் ஒன்று உண்டு. அதற்கு இஸ்தோப்பு என்று பெயர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் சிங்களத்திற் புகுந்து, தோட்டத் தமிழிலும் நிலைபெற்றது. காம்பரா என்பதோ போர்த்துக்கேயர் தந்த சொல். ஆக, அந்நியர் இருவரின் சொற்களுக்கிடையிலே தமிழ்க் குடும்பம் ஒன்று அடுப்பு மூட்டியது எனலாம். பலருக்கு இஸ்தோப்பே சமையலறை. மழைக்காலத்தில் விறகு காயவைக்கும் இடமும் அதுவே. மாலையிற் கூடிப் பேசும் சபையும் அதுவே. சுவர் ஒன்றே இருவீட்டுக்கும் பொதுவாதலால், ஒரு வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது மறுவீட்டுக்கு மறைவதில்லை. பக்கத்துக் காம்பராவில் அம்மி ஓசை கேட்காத நாளில், "என்ன அக்கா, இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று ஒரு குரல் எழும். அக்கேள்வியிலேயே உதவியும் அடங்கியிருந்தது.

பேச்சுக்கு வேறு களங்களும் உண்டு. விடியுமுன் பெண்கள் நீர் எடுக்கும் பீலிக்கரை ஒன்று. பறித்த கொழுந்தை நிறுப்பதற்காகக் காத்திருக்கும் மடுவம் மற்றொன்று. யாருடைய குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் மா தீர்ந்தது, எவளுக்கு மாதம் நிறைந்தது என்பன எல்லாம் இங்கேதான் தெரியவரும். அயலார் இவற்றை வீண்பேச்சு என்று எண்ணக்கூடும். தபாலும் வைத்தியமும் தொலைவிலிருந்த அந்நாட்களில், உதவி எங்கே தேவை என்பதை அறிவிக்கும் செய்தித்தாளாக அப்பேச்சே விளங்கிற்று.

இனி, அவர்கள் உண்ட உணவை நோக்குவோம். தொடக்கத்தில் அவர்களுடைய உணவு அரிசிச் சோறே. தோட்டம் அரிசியை வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும். இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழும், அரிசி விலையை அனுசரித்தே கூலி வரையறுக்கப்பட்டது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்துக்கொண்டது. தஞ்சையிலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நெற்சோறும் கேழ்வரகுக் கூழும் அறிந்திருந்த குடும்பங்கள், தாம் விளைவித்தறியாத ஒரு தானியத்தின் மாவைப் பிசைந்து வயிறு நிரப்பும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

ஆயினும் அந்த மாவிலிருந்து தோட்டப் பெண்கள் தமக்கே உரிய உணவொன்றை ஆக்கிக்கொண்டனர். மாவோடு உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தடிப்பாகத் தட்டி, சூடேறிய கல்லிற் போட்டு இருபுறமும் திருப்பிச் சுடுவர். அதற்குத் துணை, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்த சம்பல். சோற்றைக் காட்டிலும் ரொட்டி விரைவில் ஆகும், மலைக்குக் கட்டிச் செல்லலாம், கெட்டுப்போகாது, ஒன்று தின்றால் நெடுநேரம் பசி தாங்கும். அதிகாலையிலே பெரட்டுக்குச் சென்று நிற்கவேண்டிய பெண்ணுக்கு இதனினும் ஏற்ற சமையல் வேறில்லை. தேர்ந்த தேயிலை கொழும்பு ஏல விற்பனைக்குச் செல்ல, அதனைப் பறித்தவர்கள் தூள் தேயிலையில் ஊற்றிய சாயத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அந்த ரொட்டியை உண்டனர்.

அந்த ஒரு ரொட்டிக்குள்ளே எத்தனை வீடுகளின் பங்கு இருந்தது என்பதை ஆராய்தல் பயனுடையது. குளிர்ந்த மலைநாட்டிலே தென்னை காய்ப்பதில்லை. தேங்காயைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். ஆகவே ஒரு காயை உடைத்து, ஒரு மூடியைத் தாம் வைத்துக்கொண்டு மறு மூடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பர். அடுத்த காய் அந்த வீட்டிலே உடையும். கவ்வாத்து வெட்டிய மலையிற் கிடைக்கும் மிலாறுகளைக் கூட்டாகச் சென்று கட்டிச் சுமந்து வருவர். தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க, எரியும் கொள்ளி ஒன்று வீடுவிட்டு வீடு செல்லும். லயத்தின் பின்புறத்துச் சிறு பாத்தியிற் காய்த்த பூசணியையும் பீன்ஸையும் தனித்துண்பது பெருமையாகக் கருதப்படவில்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கடல் கடந்தும் சாதி அவர்களை விட்டு நீங்கவில்லை. லயங்களைச் சாதிவாரியாக ஒதுக்கிய வழக்கம் தோட்டங்களில் இருந்தது. சமைத்த சோற்றை ஏற்க மறுத்த வீடுகளும் இருந்தன. கைமாற்றின் எல்லை சில வேளைகளிற் சாதியின் எல்லையாகவே நின்றது. ஆயின் பஞ்சமும் பிணியும் சாதி பார்த்து வருவதில்லை. ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளியவர்களும், ஒரே பிள்ளைக் காம்பராவிலே குழந்தைகளை விட்டுச் சென்றவர்களும், காலப்போக்கில் அந்த எல்லையைத் தளர்த்தினர். முற்றாக அழித்தனர் என்று சொல்வதற்கில்லை.

பிறப்பும் இறப்பும் நேரும்போது இவ்வுதவி கடமையாக மாறிற்று. பிள்ளை பெற்ற வீட்டுக்கு மூத்த பெண்கள் காயச் சரக்கு அரைத்துக் கொடுப்பர். பத்தியக் கறி ஆக்கி அனுப்புவர். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல் வீடுகளின் பானைகளே அங்குள்ளோருக்குச் சோறிடும். குழி வெட்டுவோர், பறை அடிப்போர், தொலைவிலுள்ள தோட்டங்களுக்குச் சேதி கொண்டு செல்வோர் என வேலைகள் பிரிந்துவிடும். வழக்கமாக இருந்த இவ்வுதவியைப் பிற்காலத்திற் பல தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் என ஒழுங்குபடுத்தி, மாதச் சந்தா சேர்த்துக் கணக்கும் வைத்தனர்.

இந்த உறவின் வலிமையைச் சோதித்த காலங்கள் பல. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தருவது யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று. அக்காற்றில் இலை நறுமணம் பெறும், கொழுந்தோ குறையும். கொழுந்து குறைய வேலை நாள் குறையும். பீலியில் நீரும் மெலியும். தேயிலை மிக உயர்ந்த விலை பெறும் பருவமே தொழிலாளி வீட்டில் மாப் பானை வெறுமையாகும் பருவமாக அமைந்தது. 1940இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்திற் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சம்பளமில்லாத நாட்களில் ஒரு வேலைநிறுத்தம் நிலைத்து நிற்பதற்குத் தலைவர்களின் சொல்வன்மை மட்டும் போதாது. ஒரு வீட்டு மா மறுவீட்டுக்குச் செல்லாதிருப்பின் எந்தச் சங்கமும் மலையகத்திற் காலூன்றியிராது.

அதனினும் கொடிய சோதனை 1973, 1974ஆம் ஆண்டுகளில் வந்தது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறிற்று, இறக்குமதி சுருங்கிற்று, மாவும் அரிசியும் பங்கீட்டு அளவினும் குறைந்தன. தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மரவள்ளிக்கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்றவர்கள் பலர்; பட்டணங்களுக்குச் சென்று கையேந்தியவர்களும் உண்டு. எல்லா வீட்டுப் பானையும் வெறுமையானபோது கைமாற்று எங்கிருந்து வரும்? அயலாரின் அன்பு பெரிதுதான். ஆயினும் ஒரு சமூகத்துக்கு நியாயமான கூலியும் போதிய உணவும் கிடைக்கச் செய்யும் பொறுப்பை அவ்வன்பின் தலையிற் சுமத்த இயலாது என்பதை அவ்விரண்டு ஆண்டுகளும் காட்டின.

பஞ்சத்துக்கு முன்பே பிரிவு தொடங்கியிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களைப் பற்றி, 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பாடு செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் தீர்மானமாயிற்று. எண்ணிக்கையிற் பிரிக்கப்பட்டவை இஸ்தோப்புகளே. ஒரு சுவரின் இருபுறத்தும் வாழ்ந்த தோழியருள் ஒருத்திக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவளுக்கு இலங்கைப் பிரசாவுரிமை. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். போகிறவர்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் சுமந்து செல்ல முடியாது. அவை பக்கத்து வீட்டில் நின்றுவிட்டன. திருப்பிக் கொடுக்க வழியில்லாத கைமாற்று அதுவொன்றே.

எஞ்சியிருந்தோர் பழைய வழக்கத்தை விட்டுவிடவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்தப்பியோர் பாடசாலைகளில் தங்கினர். நாட்டின் பல திசைகளிலிருந்தும் அவர்களுக்கு உணவும் உடையும் வந்து சேர்ந்தன. லயங்கள் வாழத்தக்கன அல்ல என்பதை அப்பேரிடர் நாட்டுக்கு மீண்டும் உணர்த்திற்று. இப்போது சில தோட்டங்களிலே குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடுகள் எழுந்துள்ளன. லயங்களிலேயே வாழ்வோர் இன்னும் மிகப் பலர்.

தனி வீடு வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. வறுமையும் நெருக்கடியும் பெற்ற உறவுக்காக அவ்வறுமையைப் போற்றுதல் அறமாகாது. ஆயினும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மக்கட் கூட்டம் மலைச்சரிவிற் பிழைத்து நின்றது எவ்வாறு என்று வரலாறு கேட்குமாயின், அதற்குரிய விடையைத் தோட்டத்துக் கணக்கேடுகளில் மட்டும் தேடிப் பயனில்லை. ஒரு சுண்டு மாவும், ஒரு மூடித் தேங்காயும், "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்ற ஒரு கேள்வியும் அந்த விடையிற் பெரும்பங்கு கொண்டவை. ஸ்பிரிங்வெளியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் மூத்த பெண்கள் அவற்றை நினைவில் வைத்திருக்கின்றனர். அவர்கள் பேசும்போதே கேட்டு எழுதிவைத்தல், மலையகத்தின் இளந்தலைமுறை அவர்களுக்குத் தீர்க்கவேண்டிய கடனாகும்.