கறுத்த கத்தி

பழைய கத்தி ஒன்று கைக்கு வந்தால் நம்மில் பலர் முதலில் தேடுவது புளியையும் உப்புத்தாளையும்தான். பளபளக்கத் தேய்த்தால்தான் மனம் ஆறும். ஆனால், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோ வீரர்கள் ஏந்திய குத்துவாளை அப்படித் தேய்த்தால் வரலாறே அழிந்துபோகும்.

இதை வகுத்தவர்கள் ஷாங்காய் நகராட்சிப் போலீசில் பணியாற்றிய ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்னும் இருவர். 1941 ஜனவரியில் வில்கின்சன் சோர்டு நிறுவனம் முதல் கத்திகளைச் செய்தது. அலகின் இருபுறமும் கூர்; அதில் நிறுவனத்தின் பெயர்ப் பொறிப்பு; பித்தளைப் பிடிக்கு நிக்கல் முலாம். இருளில் மினுமினுப்பு ஆளைக் காட்டிக்கொடுக்கும் அல்லவா? பின்னர் வந்தவற்றில் பலவற்றைக் கறுப்பாக்கினார்கள். ஆகவே அந்தக் கறுப்பு அழுக்கன்று, போர்க்காலத் தேவை. தேய்த்தெடுத்தால் திரும்பாது. புதிதாகப் பூசினாலும் அது நம் காலத்துக் கறுப்புதான்.

செந்தூளாக உதிரும் துருவே உண்மையான பகை. தையல் இயந்திர எண்ணெயைச் சிறிது தடவி ஊறவிட்டு, பருத்தித் துணியால் பொறுமையாக ஒற்றியெடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப்பிடிக்கும். வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையில் உப்பு உண்டு.

தோலுறைக்குள்ளேயே வைப்பதுதான் பலரும் செய்வது. பதனிட்ட தோலிலுள்ள அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். நம் ஊர் ஈரக்காற்றில் எஃகும் துருப்பிடிக்கும். உறையையும் கத்தியையும் தனித்தனியே வையுங்கள். கூர் தீட்டவே கூடாது. அலகில் தெரியும் சாணைக் கோடுகள் அதைச் செய்த தொழிலாளியின் கைவேலை.