மணலில் எழுதிய விரல்

திருவண்ணாமலை என்றதும் தீபமும் கிரிவலமும் ஞாபகம் வருகிறதா? நான் சொல்வது வேறு திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், 'தென் திருப்பதி' என்பார்களே, அந்தச் சின்ன மலை! புரட்டாசி சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஜனம் குவிந்துவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை, தரிசன வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பொடியன். அப்பாவின் செல்போன் திரையில் விரலால் 'அ' எழுதிக்கொண்டிருந்தான். எப்படிக் கிறுக்கினாலும் போன் கைதட்டியது!

அட, சுற்றிச் சுற்றி மறுபடி விரலுக்கே வந்துவிட்டோமே என்று தோன்றியது. காரணம் இருக்கிறது.

1789. சென்னை எழும்பூரில், ராணுவ வீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பெல்லுக்கு ஒரே பிரமிப்பு. காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பானால் ஒரு தடவு தடவினால் போதும்! பி.காம். படித்த எனக்கே இந்தச் செலவுக் கணக்கு பிடித்துப்போகிறது.

தன் பள்ளியிலும் மணலைக் கொட்டச் சொன்னார் பெல். ஆசிரியர்கள் நடக்காது என்று கையை விரித்துவிட்டார்கள். மனுஷர் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் ஜமாய்த்துவிட்டான்!

நமக்கு இது புதுசா என்ன? திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டாம்பிள்ளைதானே அவன்? பெல் 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பின்னாளில், வெறும் மனப்பாடம் என்ற கெட்ட பெயரும் வாங்கியது. அது வேறு விஷயம்.

கவனியுங்கள்... மணல் எல்லா ஊரிலும் கிடைக்கும். அதை வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவன் கிடைத்தபோதுதான் வகுப்பு மாறியது.

ஏடு போய் சிலேட்டு, அச்சுப் புத்தகம், டி.வி. என்று வரிசையாக வந்தன. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அதே காலத்தில் பெரு நாட்டின் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் ஓர் அறிக்கை வந்தது. கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயரவில்லை! கருவி போய்ச் சேர்ந்தது. அதைப் பாடத்தோடு கோத்துக் கொடுக்க ஆள் போய்ச் சேரவில்லை.

கொரோனா வந்து பள்ளிகளைப் பூட்டியபோது நமக்கும் அது புரிந்தது. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. போன் இருந்த வீட்டில் ஆன்லைன் வகுப்பு. ஆனாலும் பிள்ளைகள் நிறைய மறந்துபோனார்கள். 2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தெருவிலிருக்கும் ஒரு தன்னார்வலர், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள். அவ்வளவுதான்! விட்டதைப் பிள்ளைகள் மீட்டதில் சுமார் கால் பங்கு இந்த வகுப்புகளால் என்று பிறகு ஓர் ஆய்வு சொன்னது.

சட்டாம்பிள்ளை திரும்பி வந்துவிட்டார், பார்த்தீர்களா?

மலை வரிசைக்கு வருவோம். போன் கைதட்டிக்கொண்டே இருந்தது. பொடியனின் அக்கா, பத்து வயசிருக்கும், எட்டிப் பார்த்தாள். ''டேய், சுழி இந்தப் பக்கம்டா!'' என்று அவன் விரலைப் பிடித்து எழுத வைத்தாள்.

அடுத்த 'அ' ஒழுங்காக வந்தது.