ஈரக் கையின் நோய்: சிதம்பரம் வட்டாரத்தில் நகச்சுற்று

1. வரையறை

நகத்தின் அடியையும் இரு ஓரங்களையும் சூழ்ந்த தோல்மடிப்பு வீங்கிச் சிவப்பது நகச்சுற்று. ஆறு வாரத்துக்குள் அடங்கினால் திடீர் வகை. அதையும் தாண்டி நீடித்தால் நாட்பட்ட வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

2. திடீர் வகை

நகம் கடித்த இடத்திலோ முள் குத்திய இடத்திலோ பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி நுழைகிறது. விரல் விண்விண்ணென்று தெறிக்கும். சீழ் கட்டுமுன் வெதுவெதுப்பான நீரில் விரலை ஊறவைக்கலாம். கட்டிவிட்டால் மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். கொத்தாக நீர்க்கொப்புளம் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதைக் கீறக் கூடாது.

3. நாட்பட்ட வகை

இந்த வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். வீராணம் ஏரிப் பாசனத்தில் நாற்றுப் பறித்து நடவு நடுபவர்கள், கிள்ளை, பிச்சாவரம் உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர், பாத்திரம் தேய்ப்பவர்கள் என எல்லோர் கையும் மணிக்கணக்கில் ஈரத்தில் கிடக்கிறது. நகத்தையும் தோலையும் ஒட்டி அடைத்திருக்கும் மெல்லிய சவ்வு ஊறி அழிகிறது. திறந்த இடுக்கில் சோப்பும் சேறும் தங்கித் தோலை அரிக்கின்றன. கேண்டிடா பூஞ்சை பின்னால் வந்து குடியேறுகிறது. பல நேரம் அது வெறும் விருந்தாளி. 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், பூஞ்சைக்கு எதிரான மாத்திரைகளைவிட ஸ்டீராய்டு களிம்பே நன்கு பலன் தந்தது. ஆனால் களிம்பை மருத்துவர் பார்த்தே தர வேண்டும். சீழ் உள்ள விரலில் தடவினால் கேடு.

4. எலுமிச்சம்பழம்

துளையிட்ட பழத்தை விரலில் செருகுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். குளிர்ச்சி ஆறுதல் தரலாம். சீழை அது நீக்காது. ஏற்கெனவே அரித்த தோலில் புளிப்புச் சாறு எரிச்சலைக் கூட்டும். சர்க்கரை நோயாளிகள் இதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

5. தீர்வு

பாத்திரம் தேய்ப்பவர் பருத்தி உறைக்கு மேல் ரப்பர் கையுறை போடலாம். சேற்றிலும் கழியிலும் விரல்தானே கண்? அங்கே கையுறை எடுபடாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குவரை துடைத்து, வாசலின் தடவுவதே நடக்கக்கூடிய வழி. அழிந்த சவ்வு திரும்ப வளரச் சில மாதமாகும். அண்ணாமலை நகரில் 1985இல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், புறநோயாளிச் சீட்டில் மருந்தின் பெயருக்கு முன்னே நோயாளியின் தொழிலை மருத்துவர்கள் எழுத வேண்டும்.